இரண்டுமா ஒரே நேரத்தில் போயிடும்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் கடையை விட்டு இறங்கும் முன் பெரும்பாலும் ஒரு கேள்வி கேட்பார்கள். "நம்ம போட்டோ, பைல் எல்லாம் இதுல பத்திரமா இருக்குமா சார்?" உடனே ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் மேஜைக்கு வரும். "இதுல ஒரு காப்பி போட்டு வச்சிடுங்க. இரண்டுமா ஒரே நேரத்தில் போயிடும்?" என்பார் கடைக்காரர். நாமும் தலையாட்டி வாங்கி வருவோம்.

அவர் சொன்னது வியாபாரப் பேச்சு மட்டுமல்ல. அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு ஹார்ட் டிஸ்க் ஓர் ஆண்டுக்குள் கெட்டுப் போக 100-க்கு 3 வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே போக 0.03 × 0.03. எக்செல்லைத் திறந்து ஒரு செல்லில் இதைப் போட்டு என்டர் தட்டினால் 0.0009 என்று வரும். அதாவது பத்தாயிரத்துக்கு 9. இவ்வளவு குறைந்த ஆபத்துக்கு யார் பயப்படப் போகிறார்கள்?

எக்செல் எதைக் கொடுத்தாலும் பெருக்கித் தரும். பெருக்கலாமா என்று கேட்காது. அந்தக் கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும். கேட்டால், நம் வீடுகளில் 0.0009 என்ற விடை பெரும்பாலும் தப்பு என்பது என் கருத்து. கொஞ்சநஞ்சம் தப்பில்லை, பத்து மடங்குக்கு மேல் தப்பு. எப்படி என்று பார்க்க முதலில் தாயக்கட்டையை உருட்டலாம்.

தாயமும் எக்செல்லும்

தஞ்சாவூர்ப் பக்கம் வைகுண்ட ஏகாதசி இரவு கண் விழிக்கத் தாயம் ஆடாத வீடு குறைவு. இரண்டு பித்தளைக் கட்டைகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கம்: ஒன்று வெறுமை, மற்றவை ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி. ஒரு கட்டை வெறுமையும் மற்றது ஒன்றும் காட்டினால் தாயம். தாயம் விழாமல் காயை உள்ளே இறக்க முடியாது.

முதல் கட்டையில் ஒன்று விழுந்திருக்கிறது. இரண்டாவது கட்டையில் என்ன விழும் என்று இதை வைத்துச் சொல்ல முடியுமா? முடியாது. ஒரு கட்டைக்கு மற்ற கட்டையைப் பற்றி எதுவும் தெரியாது. இப்படி ஒன்றைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகும் மற்றதைப் பற்றிய நம் ஊகம் துளியும் மாறாவிட்டால், அவை சார்பிலா நிகழ்ச்சிகள். பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தில் இந்தப் பெயரில்தான் இருக்கும். இப்படிப்பட்டவற்றை மட்டுமே நேரடியாகப் பெருக்கலாம். முதல் கட்டையில் வெறுமை வர நான்கில் ஒரு பங்கு, இரண்டாவதில் ஒன்று வர நான்கில் ஒரு பங்கு, பெருக்கினால் பதினாறில் ஒரு பங்கு. மாறி விழுந்தாலும் தாயம்தான் என்பதால் இன்னொரு பதினாறில் ஒன்று. ஆக எட்டில் ஒன்று.

பலர் குழப்பிக்கொள்ளும் ஓர் இடத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். ஒரே கட்டையில் ஒன்றும் இரண்டும் சேர்ந்து விழாது. சேர்ந்து வராததால் இவை ஒன்றோடொன்று சம்பந்தமில்லாதவை, ஆகவே சார்பிலாதவை என்று நினைப்பவர்கள் உண்டு. நேர் எதிர். ஒன்று விழுந்துவிட்டது என்று தெரிந்தாலே இரண்டு விழவில்லை என்பதும் தெரிந்துவிடுகிறதே! இதைவிட நெருங்கிய சம்பந்தம் வேறு என்ன இருக்க முடியும்?

சரி, கம்ப்யூட்டரில் தாயம் ஆடலாம். எக்செல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரெ ஆபீஸ் கால்க்கில் செய்யலாம். பங்ஷன் பெயர்களையும் செல் பெயர்களையும் ஆங்கில எழுத்தில் டைப் செய்யுங்கள். ஏ1 செல்லில் =ராண்ட்பிட்வீன்(0,3) என்று கொடுங்கள். பி1-லும் அதையே கொடுங்கள். இவை இரண்டு கட்டைகள். சி1-ல் =ஏ1+பி1. மூன்று செல்களையும் தேர்ந்தெடுத்து, மூலையில் தெரியும் சிறு சதுரத்தை மவுசால் பிடித்து 1000-வது வரிசை வரை இழுங்கள். ஆயிரம் முறை உருட்டியாகிவிட்டது. (ஆட்டத்தில் இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. இங்கே 0 என்று காட்டும். நம் வேலைக்கு அது பாதகமில்லை.) எங்காவது ஒரு காலி செல்லில் =கவுண்ட்இப்(சி1:சி1000,1) என்று கொடுங்கள். 125-ஐ ஒட்டி ஓர் எண் வரும். எப்9 கீயைத் தட்டத் தட்ட புது ஆயிரம், புது எண். எப்படித் தட்டினாலும் 125-ஐ விட்டு அதிக தூரம் போகாது.

தாயம் ஆடும் இடத்தில் தவறாமல் காதில் விழும் வசனம் ஒன்று உண்டு. "அஞ்சு தடவ போட்டாச்சு, விழவே இல்ல. இந்தத் தடவ விழுந்தே தீரும் பாரு!" இதையும் கம்ப்யூட்டரிடமே கேட்கலாம். டி6 செல்லில் =இப்(கவுண்ட்இப்(சி1:சி5,1)=0,சி6,"") என்று கொடுத்துக் கடைசி வரை இழுங்கள். முந்தைய ஐந்து உருட்டலிலும் தாயம் விழாத இடங்களில் மட்டும் அடுத்து விழுந்தது என்ன என்பதை இந்த வரிசை காட்டும். இனி =கவுண்ட்இப்(டி6:டி1000,1)/கவுண்ட்(டி6:டி1000) என்று கேளுங்கள். ஐந்து தடவை காத்திருந்தவருக்கு எவ்வளவு கூடுதல் சலுகை கிடைக்கிறது? ஒன்றும் கிடையாது. அதே 0.125-ஐ ஒட்டித்தான் வரும். பத்து தடவை உருட்டியும் தாயம் விழாமல் போக நூற்றுக்கு 26 வாய்ப்பு இருக்கிறது. அது அப்படியொன்றும் அபூர்வம் இல்லை. பித்தளைக்கு ஞாபகம் கிடையாது.

தமிழ்நாட்டில் 2003 ஜனவரியில் லாட்டரி தடை செய்யப்படும் வரை, ரொம்ப நாளாக வராத கடைசி நம்பராகப் பார்த்து டிக்கெட் எடுத்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள். அந்த ஷீட் அவர்கள் கையில் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மேட்டூருக்கு ஞாபகம் உண்டு

இனி எதிர்ப்பக்கம் போவோம். எதற்கெடுத்தாலும் "ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை" என்று சொல்லிவிடுவதும் அதே அளவு ஆபத்து. டெல்டாக்காரர்களுக்கு இதற்கு மேட்டூரை விட நல்ல உதாரணம் கிடையாது.

குறுவைக்காக மேட்டூர் அணையைத் திறக்கும் நாள் ஜூன் 12. வழக்கமாக ஜனவரி 28 வரை தண்ணீர் வரும். கடந்த ஆண்டுகளின் வரலாற்றைப் பாருங்கள். 2011-ல் ஜூன் 6-ம் தேதியே திறந்தார்கள். 2012-ல் செப்டம்பர் 17, 2013-ல் ஆகஸ்ட் 2, 2014-ல் ஆகஸ்ட் 15, 2015-ல் ஆகஸ்ட் 9, 2016-ல் செப்டம்பர் 20, 2017-ல் அக்டோபர் 2, 2018-ல் ஜூலை 19, 2019-ல் ஆகஸ்ட் 13. வரிசையாக எட்டு ஆண்டு தாமதம். பிறகு 2020, 2021 இரண்டிலும் ஜூன் 12. 2022-ல் மே 24-ம் தேதியே. 2023-ல் மறுபடி ஜூன் 12. 2024-ல் ஜூலை 28. 2025-ல் ஜூன் 12.

இதை நாணயம் சுண்டுவது போல நினைத்தால், எட்டு ஆண்டு தொடர்ந்து தாமதமாக 256-ல் ஒரு வாய்ப்புதான். தலைமுறைக்கு ஒருமுறை கூட நடக்கக் கூடாது. நடந்தது. அடுத்த நான்கு ஆண்டுகள் தொடர்ந்து நல்லபடி போனதும் கவனிக்க வேண்டியது. தாமதம் தாமதத்தோடும் நல்லது நல்லதோடும் சேர்ந்து சேர்ந்து வருகின்றன.

காரணம் எளிது. ஜூன் 12 அன்று அணையில் இருக்கும் தண்ணீர் அன்றைக்குப் பெய்ததல்ல. குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை அப்போதுதான் தொடங்கியிருக்கும். அந்த நீர் கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகளைத் தாண்டி மேட்டூர் வரவேண்டும். ஆகவே ஜூன் 12-ல் திறக்கும் தண்ணீர் பெரும்பாலும் போன ஆண்டின் மிச்சம். 120 அடி உயரம், 93.47 டி.எம்.சி. கொள்ளளவு கொண்ட அந்த நீர்த்தேக்கம் 1934-லிருந்து ஒவ்வோர் ஆண்டின் கணக்கையும் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருக்கிறது. 2023-ல் மழை ஏமாற்றியதால் அக்டோபரிலேயே அணையை மூடினார்கள். 2024 ஜூன் 12 அன்று திறக்க முடியாமல் போனது, அந்த மூடலின் தொடர்ச்சி. தாயக்கட்டைக்கு இல்லாத ஞாபகம் அணைக்கு உண்டு.

ஞாபகம் என்பதற்காக அது தலையெழுத்து ஆகிவிடாது. 2018 ஜூலையிலேயே அணை நிரம்பியது. அப்படியும் 2019-ல் ஆகஸ்ட் வரை காத்திருக்க நேர்ந்தது. இடையில் வடகிழக்குப் பருவமழை கைவிட்டது, தண்ணீர் செலவானது. மேலே எவ்வளவு திறந்துவிடுகிறார்கள் என்ற பிரச்சினையும் இருக்கிறது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்பளித்தாலும், வறட்சி ஆண்டில் பங்கு பிரிப்பது தனிச் சண்டைதான். போன ஆண்டு இந்த ஆண்டை அப்படியே தீர்மானிப்பதில்லை. ஒரு பக்கமாகச் சாய்க்கிறது, அவ்வளவே.

அந்தச் சாய்வையும் எக்செல்லில் பார்க்கலாம். புது ஷீட் ஒன்றில் ஏ1-ல் =ராண்ட்பிட்வீன்(0,3) கொடுத்து ஆயிரம் வரை இழுங்கள். இது மழை, ஒவ்வோர் ஆண்டும் தாயக்கட்டை மாதிரி சுதந்திரமானது. பி1-ல் 3 என்று டைப் செய்யுங்கள். பி2-ல் =பி1/2+ஏ2 என்று கொடுத்துக் கடைசி வரை இழுங்கள். இது அணை: போன ஆண்டின் இருப்பில் பாதி, அதோடு இந்த ஆண்டு மழை. சி2-ல் =இப்(பி2<3,"தாமதம்","") என்று கொடுத்து இழுத்துவிட்டு மெல்லக் கீழே ஸ்க்ரோல் செய்து பாருங்கள். மொத்தத்தில் பாதி ஆண்டுகள்தான் தாமதம். ஆனால் அவை கூட்டம் கூட்டமாக நிற்கும். ஒரு தாமத ஆண்டுக்கு அடுத்ததும் தாமதமாவது எட்டில் ஐந்து தடவை நடக்கும், எட்டில் நான்கு தடவை அல்ல. என்னுடைய இந்தப் பொம்மை அணைக்கு அரசியலும் கிடையாது, ஆவியாதலும் கிடையாது. ஒரு வகுத்தல் குறியால் வந்த வித்தியாசம் இது.

இதில் என் கவலை கூட்டம் கூட்டமாக வரும் தாமதத்தைப் பற்றி மட்டும் இல்லை. "ஆத்துத் தண்ணி வரலேன்னா பில்டர் பாயிண்ட் இருக்கு" என்ற பேச்சைப் பற்றியும்தான். ஆற்றுத் தண்ணீர் பொய்க்க மூன்றில் ஒரு வாய்ப்பு, பில்டர் பாயிண்ட் பொய்க்க மூன்றில் ஒரு வாய்ப்பு, இரண்டும் பொய்க்க ஒன்பதில் ஒன்றுதானே என்று மனக்கணக்கு போட்டு நகையை அடகு வைத்து நாற்றங்கால் விடுகிறார்கள். பில்டர் பாயிண்டுக்கு அடியில் ஊறும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பெருமளவு அதே ஆறும் வாய்க்காலும் வயலும் கசியவிட்டது. ஆறு மூன்று நான்கு ஆண்டு காய்ந்தால் நிலத்தடி நீரும் கீழே இறங்கும். கடலோரம் என்றால் உப்பு ஏறும். ஒரே சமயத்தில் ஊர் முழுக்க மோட்டார் போட்டால் இன்னும் இறங்கும். இரண்டாவது ஆதாரம் என்று நாம் நினைப்பது முதல் ஆதாரத்தின் நிழல். ஒன்பதில் ஒன்று என்ற கணக்கு அங்கே செல்லாது.

இரண்டு பருவமழைகளின் உறவு இன்னும் வேடிக்கையானது. எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்கு மழை குறைவதும் வடகிழக்கு மழை நன்றாகப் பெய்வதும் பலமுறை கண்டது. 2015-ல் அப்படித்தான். டெல்டா ஆகஸ்ட் வரை காத்திருந்தது, டிசம்பரில் சென்னை மூழ்கியது. ஒன்று குறைந்தால் மற்றது கூடும் என்றால் இதுவும் சார்புதான், எதிர்த் திசையில். ஆனால் அதை நம்பி உட்காரவும் முடியாது. மறு ஆண்டே, 2016-ல், காவிரியும் ஏமாற்றியது. வடகிழக்கு மழையும் தமிழ்நாட்டில் 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவிக்க வேண்டி வந்தது.

ஒரு தாய் ஜெயிலுக்குப் போன பெருக்கல்

இதெல்லாம் கணக்கு வாத்தியாருக்கும் விவசாயிக்கும் உள்ள விஷயம் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்ற பெண் வக்கீலின் இரண்டு ஆண் குழந்தைகள் 1996-லும் 1998-லும் பிறந்த சில வாரங்களில் இறந்தன. கொலை வழக்கு போட்டார்கள். ராய் மெடோ என்ற பிரபல குழந்தை மருத்துவர் சாட்சி சொன்னார். இப்படிப்பட்ட குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் தொட்டிலில் இறக்க 8,543-ல் ஒரு வாய்ப்பு. இரண்டும் இறக்க 8,543 × 8,543. ஏறக்குறைய 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று. 1999 நவம்பரில் ஆயுள் தண்டனை.

இரண்டு குழந்தைகளும் ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவை. ஒரே மரபணுக்கள், ஒரே வீடு. முதல் குழந்தையின் சாவுக்கு நமக்குத் தெரியாத ஒரு காரணம் இருந்தால், அது இரண்டாவது குழந்தையையும் விடாமல் இருக்கலாம். பெருக்க யார் அனுமதி கொடுத்தது? பிரிட்டனின் ராயல் புள்ளியியல் சங்கம் 2001-ல் இதையே பகிரங்கமாகக் கேட்டது. மறைந்து கிடந்த மருத்துவ அறிக்கை ஒன்றும் வெளியே வந்தபின், 2003 ஜனவரியில் இரண்டாவது அப்பீலில் அவர் விடுதலையானார். மூன்று ஆண்டுக்கு மேல் சிறை. 2007-ல் இறந்துபோனார்.

நம் பாடப்புத்தகங்கள் மீது எனக்குள்ள குறையும் இதுதான். பயிற்சிக் கணக்குகளில் "ஏ, பி இரண்டும் சார்பிலா நிகழ்ச்சிகள் எனில்" என்று முதல் வரியிலேயே கொடுத்துவிடுகிறார்கள். மாணவன் பெருக்கி மார்க் வாங்கிவிடுகிறான். அவை சார்பிலாதவையா என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டமான வேலை. அந்த வேலையை யாரும் அவனுக்கு வைப்பதில்லை. பெருக்குவதற்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. மிச்சமிருக்கும் அந்த ஒரு வேலையையாவது மனிதனுக்குக் கற்றுக்கொடுக்கலாம்.

மேஜை மேல் இருக்கும் இரண்டு டிஸ்க்

இனி கடைக்காரரின் கணக்குக்கு வருவோம். ஹார்ட் டிஸ்க் கெடுவது கற்பனை பயம் இல்லை. 2007-ல் கூகுள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து வெளியிட்டதில், ஓர் ஆண்டில் கெட்டவை புது டிஸ்க்குகளில் 100-க்கு இரண்டுக்கும் குறைவு, மூன்று வயதானவற்றில் எட்டுக்கும் மேல். நாம் 3 என்று வைத்தது நடுவாந்தரமான எண்தான். ஆகவே 0.03-ல் தப்பு இல்லை. பெருக்கல் குறியில்தான் தப்பு.

உங்கள் கம்ப்யூட்டரையும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கையும் ஒரு நிமிடம் பாருங்கள். இரண்டும் ஒரே மேஜையில். ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் ஓடும் கம்ப்யூட்டரிலிருந்து யு.எஸ்.பி. ஒயர் வழியாக டிஸ்க்குக்கும் மின்சாரம். ஐப்பசி கார்த்திகையில் இடி இறங்கினால் இரண்டுக்கும் சேர்த்துத்தான் இறங்கும். வோல்டேஜ் ஏறினாலும் அப்படியே. கூரை ஒழுகினால் ஒரே ஒழுக்கு. திருடன் வந்தால் டிஸ்க்கை மட்டும் விட்டுவிட்டுப் போவானா? 2017 மே மாதம் உலகமெங்கும் ஆட்டிவைத்த வான்னாக்ரை போன்ற ரான்சம்வேர் புகுந்தால், உள்ளே இருக்கும் பைல்களோடு செருகி வைத்த டிஸ்க்கில் உள்ளவற்றையும் பூட்டிவிடும். இரண்டு டிஸ்க்கையும் ஒரே நாளில் ஒரே கம்பெனியில் ஒரே பெட்டியிலிருந்து வாங்கியிருந்தால், தயாரிப்பில் ஏதாவது குறை இருந்தால் அது கூட இரண்டுக்கும் பொது.

இந்தப் பொதுக் காரணங்கள் எல்லாம் சேர்ந்து ஓர் ஆண்டில் 100-க்கு 1 என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதிகம் இல்லை, ஒன்றே ஒன்று. அப்போது இரண்டும் போகும் வாய்ப்பு 0.01-ம், மீதி 0.99-ல் தனித்தனியாகக் கெடும் 0.0009-ம் சேர்ந்தது. எக்செல் 0.0109 என்று காட்டும். பத்தாயிரத்துக்கு 9 அல்ல, 109. பன்னிரண்டு மடங்கு! இந்த 109-ல் 100 பொதுக் காரணத்தால் வருவது என்பதையும் பாருங்கள். அதே மேஜையில் மூன்றாவதாக ஒரு டிஸ்க் வாங்கி வைத்தாலும் அந்த 100 குறையாது. பணம்தான் குறையும்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறியது. ஓடு பறந்த வீடுகளில் மேஜை மேல் இருந்த எல்லாமே ஒன்றாக நனைந்தன. பட்டா, சிட்டா நகலை இப்போது அரசு வெப்சைட்டிலிருந்தே மறுபடி எடுத்துக்கொள்ளலாம். ஆகவே அதை ஸ்கேன் செய்து நான்கு இடத்தில் பதுக்க வேண்டாம். செத்துப்போன அப்பாவின் குரல் பதிவான பைல், பழைய கல்யாண ஆல்பத்தை ஸ்கேன் செய்து வைத்தது, இவற்றுக்கு எந்த ஆபீசிலும் நகல் கிடைக்காது. பேக்கப் என்றால் முதலில் அவற்றுக்குத்தான்.

பேக்கப் பற்றி எழுதுபவர்கள் 3-2-1 என்று ஒரு விதி சொல்வார்கள். மூன்று காப்பி, இரண்டு வகை சாதனம், ஒன்று வேறு இடத்தில். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இதைக் கேட்டதும் மூன்று, இரண்டு என்ற எண்களைப் பார்த்து மலைத்து ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அந்தக் கடைசி ஒன்றுதான் உயிர். மற்ற இரண்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதாவது இரண்டே காப்பி இருந்தாலும் போதும், அவற்றுக்குப் பொதுவாக இருப்பதைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஒரு டிஸ்க்கில் காப்பி எடுத்து முடித்ததும் ஒயரைக் கழற்றுங்கள். ரான்சம்வேரும் வோல்டேஜும் கழன்றன. அதைப் பக்கத்துத் தெருவில் அண்ணன் வீட்டில் வைத்தால் திருடனும் தீயும் கழலும், ஆனால் புயலும் வெள்ளமும் கழலாது. திருச்சியிலோ மதுரையிலோ இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் வைத்தால் அதுவும் ஏறக்குறைய கழன்றுவிடும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது ஒரு டிஸ்க்கைக் கொடுத்துவிட்டு அங்கிருக்கும் பழையதை வாங்கி வந்தால், ஆண்டுக்கு இருமுறை பேக்கப் புதுப்பிக்கப்பட்டுவிடும்.

இன்டர்நெட் நன்றாக இருப்பவர்கள் கிளவுட்டில் போடலாம். கூகுள் கணக்குக்கு 15 ஜி.பி. இலவசம். முக்கியமான போட்டோக்களுக்குத் தாராளம். இங்கேயும் முன்பு கேட்ட அதே கேள்வி. கம்ப்யூட்டரில் உள்ள போல்டரைக் கிளவுட்டோடு சிங்க் செய்து வைத்தால், இங்கே தெரியாமல் அழித்தது அங்கேயும் அழியும். முப்பது நாள் ட்ராஷில் கிடக்கும், அதற்குள் கவனித்தால் தப்பினீர்கள். ஆகவே கிடைக்கவே கிடைக்காத பைல்களைச் சிங்க் போல்டரில் விடாமல், தனியாக அப்லோட் செய்துவிடுவது நல்லது.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. கிளவுட் பாஸ்வேர்டை டெஸ்க்டாப்பில் ஒரு நோட்பேட் பைலில் எழுதி வைத்திருப்பார்கள், ஓ.டி.பி. வரும் போனும் அதே மேஜை மேல் சார்ஜில் கிடக்கும். ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் சர்வரைக் கொண்டுவந்து அதே மேஜையில் கட்டிப்போட்டது போல் ஆயிற்று. பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி, கணக்கை மீட்பதற்குக் கூகுள் தரும் பேக்கப் கோடுகளையும் பிரிண்ட் எடுத்துச் சேர்த்து, டிஸ்க் போகும் வீட்டுக்கே அதையும் கொடுத்தனுப்புங்கள்.